ஜகார்த்தாவில் பத்துச் சோற்றுப் பார்சல்

ஒரு பிடி சோறு தின்பதற்காக நான் ஜகார்த்தாவுக்குப் போனேன். விமானத்தில் பக்கத்து ஆசனத்துக் கொழும்புப் பெண் சுற்றுலாவா, வியாபாரமா என்று கேட்டபோது இதைத்தான் சொல்ல வாய் வந்தது. சொன்னால் இடம் மாறி உட்கார்ந்துவிடுவாளோ என்று, தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அதுவும் பொய்யில்லை.

தம்பி றிஸ்வான் பதினெட்டு வருடமாக அங்கேதான். கப்பல் வேலைக்குப் போனவன், துறைமுகத்தில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்து இறங்கிவிட்டான். பதினைந்து வருடத்துக்கு முன் யாந்தி என்ற பாதாங் ஊர்ப் பெண்ணை, எனக்கு ஒரு சொல் சொல்லாமல் நிக்காஹ் செய்தான். எல்லாம் முடிந்த பிறகு தொலைபேசியில் சொன்னான். நான் கல்பிட்டிப் பக்கத்தில், ஆலங்குடாவில், எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று, அடுத்த வளவுக்கும் கேட்கிற மாதிரி, அவள் ஆக்கிய சோற்றை நான் தொடமாட்டேன் என்று கத்தினேன்.

கோபம் ஒரு வருடத்தில் போய்விட்டது. பெருநாளைக்குப் பெருநாள் அவர்கள் இருவரும் தொலைபேசித் திரையில் முகம் காட்டுவார்கள். யாந்தி சிரிப்பாள், நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சொல் தொண்டையில் சிக்கிய கீரிமீன் முள்ளைப் போல உள்ளேயே கிடந்தது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரர், ஏழு நாளைக்கு மகள் வீட்டில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சந்தோஷமாகவே அனுப்பி வைத்தார். யாந்தியின் முன்னால் உட்கார்ந்து அவள் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் திட்டம். மன்னிப்புக் கேட்க எனக்கு அவர்கள் பாஷையும் தெரியாது, பழக்கமும் இல்லை. சாப்பிடத் தெரியும்.

விமான நிலையத்தில் வெக்கை எங்கள் புத்தளத்து வெக்கையாகவே இருந்தது. உப்புக் காற்று மட்டும் இல்லை. யாந்தி நீல முக்காடு போட்டிருந்தாள். என் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "ராத்தா" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ், அக்காவைக் கூப்பிடுகிற அந்த ஒரு சொல்தான் என்று பிறகு தெரிந்தது. றிஸ்வானுக்கு முன்தலை வெளுத்துவிட்டது. திரையில் பார்க்கும்போது இவ்வளவு தெரியவில்லை. என் பெட்டியைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "கட்டாக் கருவாடு" என்றான். மூன்று பொலித்தீன் சுற்றிக் கட்டியும் அது அவனிடம் தப்பவில்லை.

வீட்டுக்குப் போவோம் என்று பார்த்தால், நேரே ஒரு பாதாங் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பீங்கான்களைக் கோபுரமாக அடுக்கி வைத்திருக்கும் கடை. நாங்கள் உட்கார்ந்ததும் றிஸ்வானுக்கு ஒரு அழைப்பு வந்து வெளியே போய்விட்டான். பரிமாறுகிறவர் ஒருவர் இடது கையில், விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல் வரை பீங்கான்களை ஏற்றிக்கொண்டு வந்தார். யாரும் எதுவும் கேட்கவேயில்லை. மாட்டிறைச்சி, கோழி, மீன் தலை, மூளை ஆணம், முட்டை, மரவள்ளி இலை, பச்சை மிளகாய்ச் சம்பல் என்று மேசையில் இடமில்லாமல் நிறைந்தது. இன்னும் யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனால் முன்னால் வைத்த எல்லாவற்றிலும் கொஞ்சமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். தொடாமல் ஒரு கறி, ஒரு ஆணம் திரும்பிக் குசினிக்குப் போனால் அந்த வீட்டுப் பெண் மூன்று நாளைக்கு அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். ஆகவே நான் பிஸ்மி சொல்லிக்கொண்டு ஒவ்வொரு பீங்கானிலும் ஒரு கரண்டி எடுத்தேன். மூளையைப் பார்க்கவே குமட்டியது. அதையும் எடுத்தேன். யாந்தியின் கண் விரிந்துகொண்டே போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பாஷை இல்லாமல் விட்டுவிட்டாள்.

றிஸ்வான் திரும்பி வந்து மேசையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "ராத்தா, இங்க தொட்டதுக்குத்தான் காசு. தொடாதத அப்புடியே எடுத்துட்டுப் போயிருவாங்க. ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க" என்றான்.

தொடாமல் விட்டால் கோபிக்காத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். யாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே குத்தியது. தொடாமல் விடுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று நன்றாகத் தெரிந்துதான் பதினைந்து வருடத்துக்கு முன் அந்தச் சொல்லைத் தேடி எடுத்திருந்தேன்.

இறைச்சி கறுத்து, எண்ணெய் பிரிந்து, தேங்காய் பொரிந்த வாசத்தோடு இருந்தது. எங்கள் கலியாண வீட்டு இறைச்சி ஆணத்தை இன்னும் மூன்று மணித்தியாலம் அடுப்பிலேயே மறந்துவிட்டால் இப்படி வரும். அதில் ரம்பை இலை, சேரைப் புல், தேங்காய்ப்பால் எல்லாம் என் குசினியில் இருப்பவைதான். கையால் சாப்பிடுகிறார்கள், விரல் கழுவத் தனிக் கோப்பையில் தண்ணீர் வைக்கிறார்கள். இங்கே எனக்குப் பட்டினி இல்லை, நாளைக் காலையில் யாந்தியின் சோறுதான் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் மேசையில் வாழைப்பழமும் வெட்டிய பப்பாசியும் இருந்தன. தேத்தண்ணி ஒரு பொலித்தீன் பையில், இறப்பர் வளையம் போட்டுக் கட்டி, தெருமுனைக் கடையிலிருந்து வந்திருந்தது. வீட்டில் அடுப்பு இருக்க, தேத்தண்ணி ஏன் பையில் வருகிறது என்று நான் யோசிப்பதற்குள், வாங்க ராத்தா, வெளியே சாப்பிடுவோம் என்று றிஸ்வான் செருப்பைப் போட்டான்.

கூட்டிப் போனது தெருவோரப் பெட்டிக்கடை மாதிரியான சாப்பாட்டுக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து தட்டு, முன்னால் உட்கார ஒரு நீள வாங்கு, விரலால் காட்டினால் சோற்றின்மேல் போட்டுத் தருவார்கள். அவித்த சோயாவைக் கட்டியாக்கிப் பொரித்த ஒன்று ஊரெல்லாம் பிரசித்தமாம். எனக்கு ஈரத் தக்கையைக் கடித்தது போல இருந்தது. முட்டையைப் பொரித்து மிளகாய்ச் சம்பலில் புரட்டியிருந்தார்கள். அதற்காக இன்னொரு முறை போகலாம். தேத்தண்ணி சீனியில்லாமல், சும்மா தருகிறார்கள். சீனியில்லாத பிளேன்ரீயை எங்கள் ஊரில் கொடுத்தால் கடைக்காரருக்கு வீட்டில் ஏதோ கஷ்டம் என்று விசாரிப்பார்கள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த சீமெந்து வேலைக்காரர் ஒருவர், சாப்பிடத் தொடங்குமுன் எங்கள் எல்லோரையும் பார்த்துக் கரண்டியைச் சற்றே உயர்த்தி, "மாரி மாக்கான்" என்றார். வாங்க சாப்பிடுவோம் என்று அர்த்தமாம். கடைக்காரியும் றிஸ்வானும் ஒரே குரலில், "சிலாக்கான்" என்றார்கள். நீங்கள் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். நான் அவருடைய தட்டைப் பார்த்ததைக் கண்டு றிஸ்வான் என் கையைப் பிடித்தான். "இங்க மரியாதைக்குக் கேக்கிறது ராத்தா. கைய வெச்சிராதீங்க."

ஆலங்குடாவில் அப்படியில்லை. சாப்பிட வா என்று கூப்பிட்டால் கை கழுவ வேண்டும். வயிறு நிறைந்திருந்தாலும் ஒரு பிடி. எனக்கு அந்தப் பழக்கம் வந்த கதை வேறு.

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு எல்லோரோடும் கடல் வழியே வந்து கல்பிட்டியில் இறங்கியபோது எனக்கு வயது இருபது, றிஸ்வானுக்கு எட்டு. உம்மா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். வாப்பா இருந்தார், பேச்சில்லாமல். பள்ளிக்கூட வளவில் எங்களை இருத்தி, அந்த ஊர்ச் சனம் சஹனில் சோறு கொண்டுவந்தது. சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தாம்பாளம். மனத்தாங்கல் உள்ளவர்கள் ஒரு சஹனில் உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தால் தாங்கல் முடிந்தது என்று அர்த்தம். நாங்கள் முகம் தெரியாத ஆட்களோடு உட்கார்ந்தோம். வாங்க, சாப்பிடுங்க என்று அந்தப் பெண்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டது இன்னும் காதில் கேட்கிறது. அன்றைக்கு என்ன ஆணம் என்று கேட்டால் பருப்பும் கருவாடும் என்று இப்போதும் சொல்வேன்.

றிஸ்வான் மட்டும் அந்நியர்கள் கைபட்ட சோற்றில் கை வைக்க மாட்டேன் என்றான். நான் என் பக்கத்துச் சோற்றைப் பிசைந்து உருட்டி அவன் கையில் வைப்பேன். அப்படி ஒரு வருடத்துக்கு மேல் என் உருண்டையைத்தான் தின்றான். அவனுக்குச் சோறு போடுகிற கை என்னுடையது என்று நான் இருந்துவிட்டேன். அந்தக் கோபத்தின் வேர் அதுதான். யாந்தி வேறு நாட்டுக்காரி என்பதெல்லாம் சாட்டு.

அன்று பின்னேரம் தெருவில் "டொக் டொக்" என்று கோப்பையில் தட்டிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. இறைச்சி உருண்டை போட்ட சூப். எங்கள் தெருவில் மீன்காரர் ஹோர்ன் அடிப்பது போல இங்கே ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு சத்தம். யாந்தி கேற்றைத் திறந்துகொண்டு ஓடிப்போய் மூன்று கோப்பை வாங்கி வந்தாள். இரவுக்கும் அதுவே போதும் என்றான் றிஸ்வான். குசினியில் அடுப்பு துடைத்துப் பளபளவென்று இருந்தது.

மூன்றாம் நாள் றிஸ்வான் வேலைக்குப் போனான். அவன் கையில் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. மூடியின் உள்பக்கம் ஆவி பிடித்திருந்தது. ஆக, சுபஹுத் தொழுகைக்கு எழும்பி அவள் சமைத்திருக்கிறாள், அவனுக்கு மட்டும். எனக்கு வாழைப்பழம், பையில் கட்டிய தேத்தண்ணி.

சொல்லக் கூசுகிறது, ஐம்பத்தைந்து வயதில் நான் கழிவறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அந்த மத்தியானமே யாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, குண்டும் குழியுமான தெருவில் தண்ணீர் படாமல் நடத்தி, ஒரு வண்டிக்காரியிடம் கூட்டிப் போனாள். கல் உரலில் கச்சான் கடலையும் மிளகாயும் புளியும் அரைத்து, அவித்த மரக்கறியைப் புரட்டித் தருகிற சாப்பாடு. மிளகாய் எத்தனை என்று வண்டிக்காரி கேட்க, யாந்தி என் முகத்தைப் பார்த்து விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். நான் ஐந்து விரலையும் விரித்ததும் இரண்டு பேரும் சிரித்தார்கள். சாப்பிடும்போது என் முக்காட்டு நுனி தட்டில் விழாமல் பிடித்துக்கொண்டேயிருந்தாள். இந்தப் பெண்ணின் முகத்தில் கோபம் தெரியவில்லை. ஆனால் அவள் சோறும் என் முன்னால் வரவில்லை. என்ன செய்வது என்று விளங்காமல் கச்சானைத் தின்றேன்.

நாலாம் நாள் மழை. றிஸ்வான் வேலை முடிந்து, மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒரு கெளுத்திமீன் கடைக்கு வரச் சொல்லியிருந்தான். கார் போக முடியாத நெரிசல் என்று யாந்தி இரண்டு மோட்டார் சைக்கிள்களைத் தொலைபேசியில் வரவழைத்தாள். அந்நிய ஆணின் பின்னால் ஏறுவது எனக்கு முதல் தடவை. எனக்கும் அவருக்கும் நடுவில் கைப்பையை எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டு ஏறினேன். முக்காட்டின் மேல் தலைக்கவசம் மாட்டியதும் காதும் அடைத்துப்போனது. இரண்டாவது சந்தியில் தண்ணீர் முழங்காலளவு நின்றது. யாந்தியின் வண்டி ஒரு பக்கம் திரும்ப, என் ஆள் வேறு பக்கம் திரும்பினார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரு பள்ளிவாசல் வாசலில் என்னை இறக்கி, கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் வழி தெரியவில்லை என்று எனக்கு விளங்கியது அப்போதுதான்.

பள்ளிவாசல் படியில் நின்றேன். ஆறாம் வகுப்புக்கு உலகப்படத்தில் இந்தோனேசியாவை விரலால் காட்டிப் படிப்பித்தவள் நான். அந்த விரல் நுனிக்குள் இவ்வளவு தெருக்கள் இருக்கும் என்று ஒரு வருடம்கூடப் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. முக்கால் மணித்தியாலம் கழித்து யாந்தி வந்தாள், நடந்து. என்னை இறக்கிவிட்ட ஆளைத் தொலைபேசியில் பிடித்து இடம் கேட்டாளாம். செருப்பு ஒன்றைக் காணோம். பாவாடை இடுப்பு வரை நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் "ராத்தா, ராத்தா" என்று கட்டிப்பிடித்து அழுதாள். எதிரியைத் தேடி யாரும் ஒற்றைச் செருப்போடு வெள்ளத்தில் வர மாட்டார்கள்.

கெளுத்திமீன் கடை, நடைபாதையில் கட்டிய ஒரு துணிக் கூடாரம். துணியில் மீனும் கோழியும் பெரிய படமாகக் கீறியிருந்தது. றிஸ்வான் அங்கே பதறிப்போய் நின்றான். பொரித்த மீனும் சம்பலும் சுடுசோறும் வந்தன. நான் கை வைக்கவில்லை.

"அவ ஏன் எனக்கு ஆக்கித் தாறல்ல? உனக்கு ஆக்குறா. மறைக்காமச் சொல்லு" என்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அண்டைக்கு நீங்க ஏசின நேரம் போன் ஸ்பீக்கர்ல இருந்திச்சு ராத்தா. என்ன சொன்னாங்க எண்டு இவ கேட்டா. நான் மாத்தித்தான் சொல்லப் பாத்தன். ஆனா நீங்க கடைசியில வல்லாஹி எண்டீங்களே. அது இவக்கு விளங்கிட்டு."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவன் சொன்ன பிறகு ஞாபகம் வந்தது. தொடமாட்டேன், வல்லாஹி. அல்லாஹ்வின் மேல் ஆணையாக. மற்ற எல்லாவற்றையும் அவன் மொழிபெயர்த்துப் பூசி மெழுகலாம். அந்த ஒரு சொல்லுக்கு ஆலங்குடாவிலும் பாதாங்கிலும் ஒரே அர்த்தம்தான்.

"இவக்கு உங்க மேல கோவம் இல்ல. சத்தியம் பண்ணினவங்களுக்கு சோறு வெச்சா அவங்கள பாவத்துல தள்ளுறது எண்டு சொல்றா. நீங்க வாறீங்க எண்டு தெரிஞ்ச நாள்ல இருந்து, உங்கள எந்தெந்தக் கடைக்குக் கூட்டிப் போறது எண்டு ஒரு கொப்பியில எழுதி வெச்சிரிக்கிறா" என்றான்.

அந்தத் தேத்தண்ணிப் பை எனக்கு அப்போது விளங்கியது. தண்ணீர் கொதிக்க வைத்தால்கூட ஆக்கியதாகிவிடுமோ என்று பயந்திருக்கிறாள்.

றிஸ்வான் எனக்கு வழி விட்டுப் பேசினான். ராத்தா, எங்கள் பக்கம் மீன் விலை பேசும்போதே நாலு வல்லாஹி விழும், வாய்ப்பழக்கத்தில் வருகிற சத்தியத்துக்குக் குற்றமில்லை என்றுதானே ஹஸ்ரத்மார் சொல்கிறார்கள், அப்படியென்று இவளிடம் சொல்லிவிடவா என்று கேட்டான். சொல்லியிருக்கலாம். எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எதிரே ஒரு செருப்போடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அது வாய்ப்பழக்கம் அல்ல. நினைத்துத்தான் சொன்னேன்.

"இல்ல. நான் மனசாரத்தான் சொன்னன். அவட்டச் சொல்லு, கப்பாரா குடுத்துட்டுச் சாப்புடுறன்."

கப்பாரா என்றால் முறித்த சத்தியத்துக்குக் குற்றப்பரிகாரம். பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு. றிஸ்வான் மொழிபெயர்க்க வாயெடுக்குமுன் யாந்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தச் சொல்லும் அவளுக்கு விளங்கியிருந்தது. மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, என் மீனின் முள்ளை எடுக்கத் தொடங்கினாள்.

அடுத்த நாள் காலையில் இருவரும் சந்தைக்குப் போனோம். இறைச்சியும் அரிசியும் என் காசில்தான் வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கறுப்புத் தொதலைக் கத்தியால் வெட்டி ருசி பார்க்க நீட்டினார் ஒரு கிழவர். பெருநாள் நாட்களில் என் வீட்டில் கிண்டுகிற அதே தொதல், அதே பல்லில் ஒட்டுகிற பிசுக்கு. அந்த இடத்தில் என் மனம் ஒரு நிமிடம் ஆலங்குடாவுக்குப் போய்த் திரும்பியது.

சமையல் யாந்தியுடையது, எடுபிடி நான். அவள் தேங்காய்ப்பாலில் இறைச்சியைப் போட்டுக் கிளறினாள், நான் வெங்காயம் உரித்தேன், மரவள்ளி இலை கிள்ளினேன். ஊரிலிருந்து கொண்டுபோன கட்டாக் கருவாட்டைப் பொரித்தேன். பார்சலுக்கு ஒரு துண்டு. வீடெல்லாம் மணத்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று மூடிக்கொண்டது. பாஷை எங்களுக்குத் தேவைப்படவில்லை. குசினியில் கை காட்டினால் போதும்.

ஆணம் வற்றி வந்ததும் யாந்தி அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஊதி, உப்புப் பார்க்க என் வாய்க்கு நேரே நீட்டினாள். நானும் வாயைத் திறந்துவிட்டேன். அப்படியே இருவரும் நின்றோம். பத்துப் பேருக்கும் கொடுத்து முடியவில்லையே. பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் அகப்பையிலிருந்தது நிலத்தில் கொட்டியது. நீயாவது பார் என்று சைகை காட்டினேன். அவள் தலையை ஆட்டி மறுத்து, அகப்பையைக் கழுவி வைத்துவிட்டாள். ராத்தா பார்க்காத உப்பை அவளும் பார்க்கமாட்டாளாம். உப்பு விளைகிற மாவட்டத்துக்காரி நான், ஆணத்தை மோந்தே உப்புச் சொல்வேன் என்று பெருமை பேசுகிறவள். மோந்து பார்த்து ஒரு சிட்டிகை போட்டேன்.

வாழையிலை வைத்த மண்ணிறத் தாளில் பத்துப் பார்சல். எங்கள் ஊரில் இப்போது எல்லாம் லஞ்ச் ஷீட் என்கிற பொலித்தீன் தாள்தான். வாழையிலையில் சுடுசோறு பட்டெழும் வாசத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

அசர் தொழுகைக்குப் பிறகு மூவரும் கிளம்பினோம். றெயில் பாதையோரத் தெருவில் தள்ளுவண்டிகளோடு போத்தலும் கடதாசிப் பெட்டியும் பொறுக்குகிறவர்கள் இருப்பார்கள் என்று யாந்திக்குத் தெரிந்திருந்தது. றிஸ்வான் பள்ளிக்கூடத்தில் வரவு எடுப்பது போலச் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தான். நான் இரண்டு கையாலும் கொடுத்தேன். சிலர் ஏன் என்று கேட்டார்கள், பெரும்பாலானோர் கேட்கவில்லை. ஒன்பது முடிந்தது. மழை தூறத் தொடங்கியது.

பத்தாவது ஆள், என் வயதுப் பெண் ஒருத்தி. மூடியிருந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில், கடதாசி மட்டை நிறைந்த வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். பார்சலை வாங்கி மடியில் வைத்து, என்ன விசேஷம் என்று யாந்தியிடம் கேட்டாள். யாந்தி ஏதோ சொன்னாள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, அங்கேயே இறப்பர் வளையத்தைக் கழற்றி, தாளை நிலத்தில் விரித்தாள். வாழையிலை வாசம் எழும்பியது. போத்தல் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, எங்களைப் பார்த்து, "மாரி மாக்கான்" என்றாள்.

யாந்தி, "சிலாக்கான்" என்றாள். றிஸ்வானும் சொன்னான். பிறகு மெதுவாக, "நீங்களும் சொல்லுங்க ராத்தா" என்றான்.

அந்தச் சொல் அதற்குள் எனக்குப் பாடமாகிவிட்டிருந்தது. மரியாதைக்குத்தான் கேட்கிறாள் என்பதும் தெரியும். ஆனால் கல்பிட்டிப் பள்ளிக்கூட வளவில் முகம் தெரியாத பெண்கள் எங்களைக் கூப்பிட்டார்களே, அன்றைக்கு நான் சிலாக்கான் சொல்லவில்லை. இருக்க இடமில்லாத ஒருத்தி தன் சோற்றை விரித்து வைத்துக் கூப்பிடுகிறாள். என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அவளுடைய போத்தலைக் கேட்டு வாங்கிக் கை கழுவிக்கொண்டு, எதிரே குந்தினேன்.

அவள் திடுக்கிட்டுப் போனாள். பிறகு பெரிதாகச் சிரித்து, இலையை என் பக்கம் தள்ளினாள். சோற்றில் இறைச்சிக் குழம்பையும் மரவள்ளி இலையையும் சேர்த்துப் பிசைந்தேன். கருவாட்டில் ஒரு நுனி பிய்த்து வைத்தேன். பிஸ்மி சொல்லி வாயில் போட்டேன். யாந்தி ஆக்கிய சோறு. பதினைந்து வருடம்.

யாந்தி என் பக்கத்தில் வந்து குந்தினாள். மழைத் தண்ணீரில் கை நனைத்து, அவளும் கையை வைத்தாள். மூன்று கை, ஒரு இலை. நான் ஒரு உருண்டை உருட்டி அவள் கையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. தலைக்கு மேலே நின்ற றிஸ்வானுக்குத் தெரிந்தது. அவன் முகத்தை றெயில் பாதைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இலை காலியானதும் அந்தப் பெண் தாளை மடித்துத் தன் வண்டியில் மட்டைகளோடு சேர்த்து வைத்தாள். நாங்கள் எழும்பினோம். மறுநாள் பின்னேரம் எனக்கு விமானம். றிஸ்வான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குறும்போடு ஆரம்பித்தான்.

"எல்லாம் சரி ராத்தா. ஆனா பத்தாவது ஆள்ட பங்குல நீங்க ரெண்டு பேரும் பாதிய முடிச்சிட்டீங்க. கணக்கு ஒம்பதரைதான். கப்பாரா நிறைவாகல்ல."

யாந்தி என்னவென்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் விரலில் ஒட்டியிருந்த கடைசிச் சோற்றை நக்கிக்கொண்டே யோசித்து, என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?" என்றேன்.

"நாளைக்குக் காலையில இன்னொரு பார்சல் ஆக்குறாவாம். இதுல உப்புக் குறைவாம். நாளைக்கு உப்ப நீங்கதான் பாக்கணுமாம்."